அணையாத பிரேக் லைட்

டெஸ்டர் அண்ணனிடம் பேச வேண்டுமென்றால் அவருடைய கால்களோடுதான் பேச வேண்டும். தலை ஸ்டீயரிங்குக்குக் கீழே எங்கோ இருக்கும்; முழங்காலுக்குக் கீழே மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். "எவ்வளவு நேரமாகும்?" என்று கேட்டால் வலது பாதம் ஒருமுறை ஆடும். மறுபடியும் கேட்டால் உள்ளிருந்து குரல் வரும்: "அவசரம்னா நடந்து போங்க. வண்டி வேணும்னா உக்காருங்க."

சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் பார்க்கும் டெஸ்டர் ஒன்று செருகியிருப்பதால் அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். வயது ஐம்பத்திரண்டு. மின்சாரக் கார்கள் வந்த புதிதில், தெருவிலிருந்த மற்ற மெக்கானிக்குகள் "இதெல்லாம் பொம்மை வண்டி" என்று கைகழுவியபோது, இவர் மட்டும் ரப்பர் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாதி வேலையைக் காதால் செய்கிறவர். எங்கேயாவது ஒரு சின்ன சத்தம் பிசகினாலும் பேச்சை நிறுத்திவிடுவார். பக்கத்துக் கடை ஃபேன், வாடிக்கையாளரின் கைக்கடிகாரம், எதுவும் தப்பாது.

வீட்டிலும் அந்தக் காதைக் கழற்றி வைக்கவில்லை என்பதுதான் வினை. சாப்பாட்டில் உப்பு, மனைவி கதவைச் சாத்திய விதம், போனில் சிரித்த சிரிப்பு, எல்லாவற்றிலும் ஒரு குறை கண்டுபிடித்தார். "நான் என்ன வண்டியா? எப்பப் பாத்தாலும் என்ன ரிப்பேருன்னே தேடிட்டிருக்கீங்க" என்றாள் அவள். வீடுவீடாகப் போய் வயதானவர்களைக் கவனிக்கிற நர்ஸ். ஊரிலுள்ள முணுமுணுப்பையெல்லாம் கேட்டுவிட்டு வந்து இவருடையதையும் கேட்டாக வேண்டும். பதினெட்டு வருடம் பொறுத்தாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெட்டியோடும் காரோடும் தன் தங்கை வீட்டு மாடிக்குப் போய்விட்டாள். கோர்ட், வக்கீல் என்று எதுவும் இல்லை. சண்டைகூட இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அந்தக் கார் அவர் தேர்ந்தெடுத்தது. "கண்ணை மூடிட்டு எலெக்ட்ரிக் வாங்கு. ஆயில் மாத்த வேணாம், பெல்ட் கிடையாது, ஒர்க்‌ஷாப் பக்கமே தலைவச்சுப் படுக்க வேணாம்" என்று மார்தட்டியவரும் அவரே. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இரண்டு வருடமாக அந்த நன்றிகெட்ட வண்டி ஒரு தும்மல்கூடத் தும்மவில்லை. பெட்ரோல் காராக இருந்தால் நாலு மாதத்துக்கு ஒருமுறையாவது வந்திருப்பாளே என்று அவர் ஏங்காத நாளில்லை. அதே நிறத்தில் எந்தக் கார் தெருவுக்குள் திரும்பினாலும் ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து தலை வெளியே வந்துவிடும்.

போன செவ்வாய்க்கிழமை காலையில் அவள் போன் செய்தாள். "பிரேக் லைட்டு அணைய மாட்டேங்குது. நிறுத்திட்டு இறங்கினாலும் எரியுது. பின்னாடி வர்றவங்க எல்லாம் திட்டிட்டுப் போறாங்க." வணக்கமும் இல்லை, நலம் விசாரிப்பும் இல்லை. அவரோ ஓடிப்போய் முகம் மழித்துக்கொண்டு, கடையை இரண்டுமுறை பெருக்கினார்.

வந்தவள் கொஞ்சம் இளைத்திருந்தாள். அதைச் சொல்ல வாயெடுத்து, அதுவும் ஒரு குறை மாதிரித்தான் கேட்கும் என்று விழுங்கிக்கொண்டார். "நல்லவேளை வந்தே. வண்டிய ஓட்டுற பெரிய பேட்டரி ஃபுல்லா இருந்தாலும், இந்த லைட்டு சின்ன பேட்டரியக் குடிச்சிடும். அது செத்தா வண்டி எந்திரிக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே படுத்தார்.

பிரேக் மிதிக்கு மேலே ஒரு ஸ்விட்ச். மிதி மேலே வந்ததும் அந்த ஸ்விட்சை அழுத்தி விளக்கை அணைப்பது, நகத்தளவு பிளாஸ்டிக் குமிழ் ஒன்று. அது பொடிந்து தரைவிரிப்பில் துகளாகக் கிடந்தது. குமிழ் இல்லாததால், யாரோ இன்னும் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று கார் நம்பியிருந்தது. புதுக் குமிழ் மாட்டப் பத்து நிமிடம் போதும். எப்படியாவது இழுத்தடிக்கத்தான் பார்த்தார். பழகிய கை பேச்சைக் கேட்கவில்லை. ஏழே நிமிடத்தில் குமிழ் 'டக்'கென்று உட்கார்ந்தது.

"முடிஞ்சிடுச்சா? அதுக்குள்ளயா?" என்றாள்.

"சின்ன வேலைதான்."

வீட்டுக்கு வந்துடேன் என்றுதான் சொல்ல நினைத்தார். வெளியே வந்தது வேறு: "உள்ள உக்காந்து மிதி. பின்னால நின்னு பாக்குறேன்."

மிதித்தாள். பின்பக்கத்து மூன்று விளக்குகளும் சிவந்தன. "காலை எடு" என்றார். அணைந்தன. "இன்னொரு தடவை." சிவந்தன, அணைந்தன. வேலை சுத்தம். இனி இந்த வண்டி எப்போது கெடுமோ, இவள் எப்போது வருவாளோ.

"கடைசியா ஒரு தடவை" என்றார்.

சிவந்தன.

"எடு."

அணையவில்லை.

"காலை எடுத்துட்டியா?"

உள்ளிருந்து பதில் வந்தது: "எடுத்துட்டேனே."

விளக்குகள் பிடிவாதமாக எரிந்துகொண்டிருந்தன. ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறந்துதான் இருந்தது. நாலடி நடந்து குனிந்தால் அவள் கால் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். வாழ்நாளெல்லாம் கோளாறு தேடிக் குனிந்த மனிதர், அன்று குனியவில்லை.

"அப்ப இன்னும் கொஞ்சம் வேலை இருக்கு" என்றார். பிறகு கடையில் இருந்த ஒரே நாற்காலியைத் தன் சட்டை நுனியால் துடைத்து, காற்று வரும் பக்கமாக அவளுக்குப் போட்டார்.