எண்பத்தெட்டில் ஒட்டாவாவுக்கு

சனிக்கிழமை நடந்தவை, நடந்த வரிசையிலேயே:

1. காலை எட்டரைக்குப் புறப்படுவதாக இருந்தோம். ஒன்பதே முக்காலுக்குப் புறப்பட்டோம்.
2. விட்பியில் ஒரு விபத்து 401 நெடுஞ்சாலையை ஒரே தடமாகச் சுருக்கியிருந்தது. அரை மணி நேரம் போயிற்று.
3. போர்ட் ஹோப்புக்குச் சற்று முன்னால் எங்கள் ட்ரெயிலர் ஆடியது.
4. அதில் இருந்த பாதிச் சாமானை ஒரு வாகனத் தரிப்பிடத்தில் இறக்கி, திரும்ப ஏற்றினோம்.
5. பிள்ளையார் இடம் மாறினார்.
6. அதன் பிறகு ஒட்டாவா வரைக்கும் ஒரே வேகம்: மணிக்கு 88 கிலோமீற்றர்.

இனி விவரமாக.

அது ஆனி மாதத்தின் கடைசி நல்ல நாள். என் அக்கா மதுராவும் அத்தான் சுதனும் ஒட்டாவாவின் தென்மேற்கே, பார்ஹேவனில், தங்கள் முதல் வீட்டை வாங்கியிருந்தார்கள். கோயில் ஐயர் குறித்துக் கொடுத்த சுபநேரம் பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மூன்றே முக்கால் வரை. அதற்குள் பிள்ளையார் சிலை வாசலைத் தாண்டவேண்டும், பால் பொங்கவேண்டும். தவறினால் ஆடி பிறந்துவிடும், பிறகு ஆவணி வரை புதுவீடு புக முடியாது. ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் அவர்கள் இருந்த பேஸ்மென்டுக்குத் திங்களன்று வேறு ஆட்கள் வருகிறார்கள். ஆக, மூன்றே முக்காலுக்கு மேல் எங்களுக்கு இடமே இல்லை.

அக்கா முதல் நாளே போய்ப் புதுவீட்டுச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, வாங்கிவிட்டாள். சாமான் கொண்டுபோவது என் பொறுப்பு. காரணம் எளிது: குடும்பத்தில் ட்ரெயிலர் இழுக்கும் கொக்கி பூட்டிய வண்டி என்னுடையது ஒன்றுதான். சைக்கிள் கொண்டுபோகப் பூட்டியது. இரண்டு வருடமாக வேறெதற்கும் உதவவில்லை. மார்க்கத்தில் மென்பொருள் சோதிப்பது என் தொழில். எது எங்கே பிழையாகும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் சம்பளம். ஆனால் முதல்முறையாக ஒரு ட்ரெயிலர் இழுக்கப்போகிறேன் என்ற புளுகத்தில், அந்தப் பூரிப்பில், வெள்ளி இரவு சரியாக நித்திரை வரவில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

வாடகை ட்ரெயிலர் ஐந்தடி அகலம், எட்டடி நீளம், மூடிய பெட்டி. ஒட்டாவாவிலேயே ஒப்படைக்கும் ஒருவழி வாடகை வரியோடு 186 டொலர். சக்கரத்துக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது: உச்ச வேகம் 55 மைல். அதாவது 88 கிலோமீற்றர். வாடகைக் கடைப் பெண் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னாள். ஒன்று, 88ஐத் தாண்டாதே. மற்றது, பாரத்தில் நூற்றுக்கு அறுபது வீதம் முன்பாதியில் இருக்கட்டும். பின்பாரம் கூடினால் ட்ரெயிலர் வால் ஆட்டும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும்.

இரண்டையும் அத்தானுக்கும் அவருடைய தாய் ராணி அன்ரிக்கும் படம் கீறி விளக்கினேன். அன்ரி பதினெட்டு வருடம் ஒரு பொதிசெய்யும் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்ந்தவர். சாமான் அடுக்குவதில் அவரோடு போட்டி போடமுடியாது. "ஓமோம், விளங்குது," என்றார். பேஸ்மென்டின் திறப்பைக் கொடுக்க அத்தானும் நானும் மேல்வீட்டுக்குப் போனோம். வீட்டுக்கார அம்மா தேத்தண்ணி குடிக்காமல் விடவில்லை. திரும்பி வந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் இருவரின் உதவியோடு அன்ரி எல்லாவற்றையும் ஏற்றி, கதவைப் பூட்டி, சாவியைக் கைப்பைக்குள் போட்டிருந்தார்.

"பாரமெல்லாம் முன்னுக்குத்தானே, அன்ரி?"

"எல்லாம் முறையாத்தான் வைச்சிருக்கு. ஏறு, பிள்ளை."

ஏறினேன்.

ஒன்பதே முக்கால். 401இல் வெளிவழிகளுக்கு இடும் எண்கள் வெறும் எண்கள் அல்ல, கிலோமீற்றர்கள். மோர்னிங்சைட் 387. ஒட்டாவாவுக்குத் திரும்பும் 416ஆம் பாதை 721. கழித்தால் 334, அதற்கு மேல் எழுபது. இவ்வளவு ஒழுங்கான பாதையில் யாருக்குத்தான் உற்சாகம் வராது? வலது தடத்தில் 88இல் போனேன். லொறிகள் கூட எங்களை முந்தின. ஒரு பெரியவர் தன் பழைய காரில் முந்தும்போது திரும்பிப் பார்த்து அனுதாபத்தோடு தலையசைத்தார்.

"உந்த வேகத்துக்கு நான் நடந்தே போயிருப்பன்," என்றார் அத்தான்.

"இறங்கி நடவுங்கோ. போர்ட் ஹோப்பிலை காத்திருக்கிறன்."

விட்பியில் அரை மணி நின்றோம். ஒஷாவா தாண்டியதும் பாதை விரிந்தது, வயல்கள் வந்தன. அத்தானுடைய முகம் மட்டும் விரியவில்லை. கைபேசியில் போய்ச்சேரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அது மற்றவர்களின் வேகத்தில் கணக்குப் போடுகிறது; நாங்கள் 88இல் போகப்போக நேரம் கூடிக்கொண்டே வந்தது.

"ரெண்டு பத்து எண்டு காட்டினது, இப்ப ரெண்டு இருபத்தஞ்சு. தர்ஷி, இந்தா இருபத்தாறாயிட்டுது. ஒரு நூறு போடடி. ஆர் பாக்கப்போறான்?"

"ட்ரெயிலர் பாக்கும், அத்தான்."

பின்னிருக்கையில் அன்ரி, பால் காய்ச்சும் புதுப்பானையை மடியில் வைத்துக்கொண்டு, "கெதியாப் போனால்தானே மோனை, நான் போய் முழுகிக் கோலம் போடலாம்," என்றார்.

நான் வேகத்தைக் கூட்டவில்லை. நியூட்டன்வில் தாண்டியதும் வந்த நீண்ட இறக்கம் கூட்டியது. முள் 97ஐத் தொட்டதை நான் கண்ட அதே கணத்தில் ஒரு நீளமான லொறி எங்களை முந்தியது. அதன் காற்று பக்கவாட்டில் அடித்தது. கண்ணாடியில் ட்ரெயிலரின் வலது மூலை தெரிந்தது. பிறகு அது மறைந்து இடது மூலை தெரிந்தது. பிறகு வலது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகமாக. வண்டியின் பின்புறத்தை யாரோ பிடித்து உலுப்புவதுபோல் இருந்தது.

"என்னடி செய்யிறாய்? பிரேக்கை அடி!"

"அடிக்கக்கூடாது. கதைக்காதேங்கோ, அத்தான்."

அக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பிரேக்கைத் தொடவில்லை. ஆட்டத்துக்கு எதிராகத் திருப்பவும் இல்லை; ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். செய்யவேண்டியது இவ்வளவுதான். ஆனால் எதுவும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போதுதான் தெரிந்தது. தொண்ணூறு, எண்பது, எழுபது. அறுபத்தைந்தில் ட்ரெயிலர் ஒருமுறை முனகிவிட்டு எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டது.

அன்ரி கண்ணை மூடியிருந்தார். "பிள்ளையாரப்பா, பிள்ளையாரப்பா..."

எனக்கு அந்த நேரத்தில்தான் பொறி தட்டியது. "அன்ரி, பிள்ளையார் எங்கை இருக்கிறார்?"

"பின்கதவோட. முதல் இறங்கவேண்டியவர் எல்லோ?"

"அப்ப அவர்தான் பின்னாலை இருந்து ஆட்டினவர்."

அபாய விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்து, பதினொரு மணிக்குப் போர்ட் ஹோப்புக்கு அருகே உள்ள நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினேன். கதவைத் திறந்ததும் கணக்கு முழுவதும் கண்முன்னே. வாசலோரம் பட்டு சுற்றிய கருங்கல் பிள்ளையார், இரண்டு பேர் சேர்ந்தால்தான் அசைவார். அவருக்குப் பக்கத்தில் நான்கு அரிசி மூட்டை, உப்பு, மஞ்சள், ஒரு சோடிப் பித்தளைக் குத்துவிளக்கு, மாவரைக்கும் கிரைண்டர், சாமிப் படங்கள் நிறைந்த பெட்டி. புதுவீட்டுக்குள் முதலில் போகவேண்டிய எல்லாம், போகவேண்டிய வரிசையில். நடுவில் சோபா, மேசை, புத்தகப் பெட்டிகள். முன்பக்கம் என்ன? போர்வைகள், தலையணைகள், வெற்றுச் சூட்கேஸ்கள், பிறந்தநாளுக்குக் கட்டிய கடதாசிப் பூக்கள். அன்ரியின் அடுக்கில் ஒரு சாமான்கூட நகர்ந்திருக்கவில்லை. பொதிசெய்தலில் குறையே சொல்லமுடியாது. முதலில் இறங்கவேண்டியதைக் கடைசியாக ஏற்றியிருக்கிறார். எந்தக் களஞ்சியத்திலும் அதுதான் சரி. வீட்டுக்குள் முதலில் போவது பாரமானதாக இருந்ததுதான் சிக்கல்.

"பிள்ளையாரை முன்னுக்குத் தள்ளவேணும்," என்றேன்.

"அப்ப அவர் கடைசியா இறங்கவோ? சோபா உள்ளை போய் இருக்க, இவர் றோட்டிலை நிக்கிறதோ? அதுக்கு நான் சம்மதியன்."

"அம்மா, நேரம் போகுது," என்றார் அத்தான்.

"நேரம் பாத்து வைச்சதே அவருக்குத்தான்ரா!"

அன்ரி சொல்வது நியாயம். வாடகைக் கடைப் பெண் சொன்னதும் நியாயம். இரண்டும் பொருந்தும் இடம் எதுவென்று யோசித்தபடி வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தேன். மூன்றாம் வரிசை இருக்கைகள் காலியாகக் கிடந்தன.

"அன்ரி, அவர் ட்ரெயிலரிலை வரவே வேண்டாம். எங்களோட காருக்குள்ளை வரட்டும். போய் நிண்டதும் கார்க்கதவுதானே முதல் திறக்கும்?"

அன்ரி பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளையாரைப் பார்த்தார். "உதைக் காலமையே சொல்லியிருக்கலாமே?"

மூன்றாம் வரிசையை மடித்தோம். அத்தானும் நானும் பிள்ளையாரைத் தூக்கித் தரையில் இறக்கி மூச்சு வாங்கியபோது, பக்கத்துக் காரிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு இறங்கினார். சென்னைக்காரர், பெயர் கார்த்திக். ஆயிரம் தீவுகள் பார்க்கப் போகிறார்களாம்.

"என்ன சார், பார்க்கிங் லாட்லயே கும்பாபிஷேகமா?"

"இல்லை அண்ணை, பிள்ளையாருக்கு சீட் அப்கிரேட்," என்றார் அத்தான். சிரித்துவிட்டு கார்த்திக்கும் கை கொடுத்தார். மூன்று பேராகத் தூக்கி வண்டிக்குள் கதவோரம் இருத்தி, அசையாதபடி இரண்டு பக்கமும் அரிசி மூட்டைகளால் அணைத்து, கொக்கிகளில் வாரைக் கொடுத்து இறுக்கினோம். கிரைண்டரையும் புத்தகப் பெட்டிகளையும் ட்ரெயிலரின் முன்பக்கத்துக்குக் கொண்டுபோனோம். தலையணைகள் பின்னுக்கு வந்தன. கார்த்திக்கின் மனைவி கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் கோப்பி வாங்கப் போனார்.

பதினொன்று முப்பத்தைந்து. மீதி 340 கிலோமீற்றர். எங்கும் நிற்காமல் 88இல் போனால் ஏறத்தாழ மூன்று இருபத்தைந்து. அன்ரிக்கு ஒருமுறை கழிவறைக்கு நிறுத்தவேண்டும், மூன்றரை. மிஞ்சுவது கால் மணி.

இந்த இரண்டாம் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். அதே ட்ரெயிலர், ஏறத்தாழ அதே பாரம், ஆனால் வேறு பிராணி. லொறிகள் முந்தும்போது லேசாக ஒரு தள்ளல், பிறகு அமைதி. முந்திப்போவதை மற்றவர்களுக்கு விட்டுவிட்டால் வலது தடம் எவ்வளவு விசாலமான இடம்! கொல்போர்னில் பாதையோரம் நிற்கும் ராட்சத ஆப்பிளை அன்ரி முழுதாகப் பார்த்தார். எத்தனையோ தடவை ஒட்டாவா போயும் அதைக் கண்டதில்லையாம். ட்ரென்டனில் ஆறு. கிங்ஸ்ரனுக்குப் பிறகு இளஞ்சிவப்புப் பாறைகளை வெட்டிப் பாதை போகிறது. வெட்டிய முகங்களில் தண்ணீர் கசிந்து மினுங்கியது. வேலை விஷயமாக இந்த வழியே நான்கு முறை 120இல் போயிருக்கிறேன். இந்தப் பாறைகள் ஒன்றும் நினைவில் இல்லை. கனனோக்கே அருகில் கார்த்திக்கின் கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களை முந்தியது. பின்கண்ணாடி வழியாக அவருடைய மகள் பிள்ளையாருக்குக் கையசைத்தாள்.

721. வடக்கே திரும்பினோம். 416இல் வேக எல்லை 110. பாதை வெறிச்சோடிக் கிடந்தது. அத்தான் இருக்கை நுனிக்கு வந்துவிட்டார்.

"இப்ப பலன்ஸ் சரிதானே? நூறிலை போனால் என்ன?"

"பாரம் சரியாயிட்டுது. சக்கர ரயர் மாறேல்லையே, எழுதியிருக்கிறதும் மாறேல்லை. இனி நூறிலை போனால் மிஞ்சிறது அஞ்சு நிமிசம்."

"அஞ்சு நிமிசமும் நேரந்தானே!"

அக்ஸிலரேட்டரில் வைத்த காலை நான் அசைக்கவில்லை. என் கணக்கில் போய்ச்சேர மூன்று முப்பத்தொன்று. முள் 88இல் நின்றது.

மூன்று முப்பத்தொன்று. அக்கா புதுவீட்டு வாசலில் நிறைகுடம் வைத்து, பதற்றத்தில் ஒற்றைச் செருப்போடு நின்றாள். அன்ரி இறங்கிய கையோடு முகம் கழுவினார். முழுக்கும் கோலமும் நினைப்பிலேயே நின்றுவிட்டன. வண்டிக் கதவு திறந்தது. அத்தானும் அக்காவும் நானும் பிள்ளையாரைத் தூக்கினோம். சோபாவும் மேசையும் ட்ரெயிலருக்குள் பூட்டிக் கிடக்க, அவர் வாசலைத் தாண்டினார். அவருக்குப் பின்னால் அரிசி, உப்பு, மஞ்சள்.

புதுப்பானை மின்னடுப்பில் ஏறியபோது மணி மூன்று முப்பத்தைந்து. நான்கு பேரும் சுற்றி நின்றோம். பால் அசையவில்லை. முப்பத்தெட்டு. அத்தான் கையை நீட்டி அடுப்பின் திருகை முழுதாகத் திருப்பப்போனார்.

அன்ரி அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினார். "விசரே! கூட வைச்சால் அடிப்பிடிக்கும். பால் தன்ரை பாட்டிலை பொங்கும். ஆறுதலா நில்."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் பானையைப் பார்த்தேன்.

"அப்ப இந்தப் பாலையும் எண்பத்தெட்டிலை விடுவம்," என்றார் அவர்.

முதலில் சிரித்தவர் அன்ரிதான். நாங்கள் சிரித்து முடிக்கும் முன்பே பால் விளிம்பில் நுரைத்து, மேலெழுந்து, கிழக்குப் பக்கமாக வழிந்தது. மூன்று நாற்பத்திரண்டு.

இதை ஞாயிறு காலையில், ஒட்டாவாவில் எழுதுகிறேன். எங்கள் ரொறன்ரோவைவிட இங்கே வானம் பெரிது, தெருவில் சத்தம் இல்லை, நல்ல இடியப்பம் எங்கே கிடைக்கும் என்று இன்னும் தெரியவில்லை. ட்ரெயிலர் வெறுமையாகிவிட்டது, பத்து மணிக்கு ஒப்படைக்கவேண்டும். கடைக்குப் பதினொரு கிலோமீற்றர். தலையணைகளும் கடதாசிப் பூக்களும் வரவேற்பறைத் தரையில் குவிந்து கிடக்கின்றன. பிள்ளையார் மூலையில் இருக்கிறார். அன்ரி முழுகிவிட்டு, ஒரு நாள் பிந்திய கோலத்தை வாசலில் போட்டுக்கொண்டிருக்கிறார்.