கலைமகள் தைத்த ஐந்து முழம்

ஆரணியில் இருபது வருடம் ஜாக்கெட் தைத்தவள் கலைமகள். பழைய டெய்லர் வேணுகோபாலிடமிருந்து கடையை எடுத்தபோது, பரணில் ஒரு சாக்கு நிறையப் பேப்பர் கட்டிங் கிடந்தது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய மோஸ்தர்கள். பஃப் கை, படகுக் கழுத்து, வட்டக் காலர் வைத்த கவுன் எல்லாம் பழுப்புக் காகிதத்தில் வெட்டி, பென்சிலால் அளவு குறித்திருந்தது. குப்பையில் போடத்தான் இறக்கினாள். தரையில் பரப்பியதும் மனம் வரவில்லை. பஃப் கையை நிமிர்த்தி வைத்தால் பக்கத்திலிருக்கும் திருமலைக் குன்று. இரண்டு காலரை ஒட்டி வைத்தால் கொக்கு பறந்தது.

மிஞ்சிய பட்டுத் துண்டுகளை அந்த வடிவங்களில் வெட்டி, காடாத்துணியில் கைத்தையலாகப் பதித்தாள். அளவு கொடுக்க வந்த டிராயிங் டீச்சர் திலகவதி அதை வெகுநேரம் பார்த்தார். சென்னையில் மாசி மாதம் ஒரு கண்காட்சி இருக்கிறது, ஐந்து முழத்துக்குப் பெரிதாக ஒன்று தைத்துக் கொடுங்கள் என்றார். அதுவரை அவளிடம் யாரும் ஜாக்கெட்டைத் தவிர எதுவும் கேட்டதில்லை.

பாதி தைத்திருந்தபோது கண்ணுக்குள் கறுப்பு நூல் மிதந்தது. பல வருடச் சர்க்கரை. வேலூரில் பார்த்த டாக்டர் உடனே லேசர் வைக்க வேண்டும் என்றார். துணி முடியட்டும் என்று தள்ளிப்போட்டாள். தை பிறந்தபோது வலது கண்ணைப் புகை மூடிவிட்டது. இடது கண்ணில் நிறம் மட்டும் தெரிந்தது.

கணவர் எழிலரசன் விசைத்தறிக்குக் கிளம்புமுன் பத்து ஊசியில் நூல் கோத்து வைத்துவிட்டுப் போவார். சாயங்காலம் அவர் வந்ததும், நேராக இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கிறது என்பார். மறுநாளும் தைப்பாள்.

திலகவதி வந்து துணியை விரித்தார்.

"எப்டி இருக்குது டீச்சர்?"

"மேல் பாதி ரொம்ப நல்லா இருக்குதும்மா," என்றார் அவர். கீழ்ப்பாதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கலைமகள் விரலால் தடவினாள். ஒரு துண்டின் மேல் இன்னொன்று ஏறியிருந்தது. தையல் பட்டுத் துண்டை விட்டு வெளியே ஓடியிருந்தது. கொக்குக்கு ஒரு பக்கம் இறக்கையே இல்லை.

திலகவதி துணியை எடுக்காமல் போன பிறகு கணவரிடம் கேட்டாள்.

"எப்பத்திலிருந்து?"

"மார்கழியிலிருந்தே கோணையாதான் போய்கினு இருந்துச்சு. சொன்னா நீ உட்டுடுவ. அப்பால நாள்பூரா இன்னா பண்ணுவ நீ?"

"அன்னிக்கே சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்காவது போயிருப்பேன்."

பங்குனியில் ஆபரேஷன் செய்தார்கள். வெளிச்சம் வருவதும் போவதும் தெரிந்தது, அவ்வளவுதான். கடையைக் காலி செய்தார்கள். அந்தத் துணியைக் கொளுத்தச் சொன்னாள். கொளுத்திவிட்டேன் என்று எழிலரசன் சொன்னார். அவள் அதை நம்பவில்லை.

அவர் வாய்ச்சொல் எதுவும் இப்போது அவளுக்குள் இறங்குவதில்லை. விடிந்துவிட்டது என்று அவர் சொன்னால் ஜன்னல் கம்பியில் சூடு ஏறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறாள். அரிசியில் கல் இல்லை என்று அவர் கொடுக்கும் முறத்தை வாங்கி, ஒவ்வொரு மணியாகத் தடவுகிறாள். அவர் எதிரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்.