நரிகளுக்கும் ஒரு பொட்டு

அப்பா வேலை பார்த்தது ஜப்பான்காரர்களின் கட்டுமான அலுவலகத்தில். வருடா வருடம் அவர்கள் தரும் காலண்டரை, வளைகுடாவில் சத்வா பகுதியில் நாங்கள் இருந்த வீட்டுச் சமையலறையில்தான் அம்மா மாட்டுவாள். ஒரு வருடம் அதன் கடைசித் தாளில் ஒரு கோயில் வந்தது. மலைச்சரிவில் பாசி பிடித்த படிகள், ஓங்கி வளர்ந்த தேவதாரு மரங்கள், சிவப்பு வர்ணம் பூசிய பெரிய மர வாசல், அதன் இருபுறமும் கழுத்தில் சிவப்புத் துணி கட்டிய கல் நரிகள். எங்கள் ஊர்ச் சிவன் கோயில் அளவுக்குப் பழையதாம். அப்பா படித்துச் சொன்னார்.

சாமி படம் போட்ட காலண்டரைக் குப்பையில் போட அம்மாவுக்கு மனசு வராது. வருடம் முடிந்ததும் படத்தை மட்டும் கத்தரித்துப் பூஜை அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்தாள். வாசலுக்கு ஒரு குங்குமப் பொட்டு, நரிகளுக்கும் ஆளுக்கொன்று.

“ஆபீஸ் காலண்டருக்கா சூடம் காட்டற?” என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

“கோயில்னா கோயில்தான். பைரவருக்கு நாய் இருக்கறப்ப இந்தச் சாமிக்கு நரி இருந்தா என்னவாம்?”

அம்மாவின் கணக்கு வேறு. அப்பாவின் புராஜெக்டை மூடப்போவதாக அப்போது பேச்சு. மூடினால் அப்பாவுக்குத் தம்மாமில், குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாத கேம்ப் வாசம். அம்மாவும் நானும் ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான். ஜப்பான்கார மேனேஜரின் ஊர்ச் சாமியிடம் சொல்லிவைத்தால் மேனேஜர் காதில் விழாமலா போகும் என்று அவள் நம்பினாள். நானும் நம்பினேன். நரிகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் கிளம்புவேன்.

ஒரு நாள் மேனேஜர், வீட்டுக்கு வந்து கொஞ்சம் பேச வேண்டும் என்று அப்பாவிடம் கேட்டார். வெள்ளிக்கிழமை சாப்பிடவே வரச் சொன்னார் அப்பா. கம்பெனி காலண்டரில் பொட்டைப் பார்த்தால் வம்பு என்று அலமாரிக் கதவைச் சாத்தி, என்னையும் முறைத்துவைத்தார். முறைத்து என்ன பயன்? கை கழுவ வந்தவரிடம், “உங்கள் சாமி எங்கள் வீட்டில்தான் இருக்கிறது” என்று ஆங்கிலத்தில் பீற்றிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன்.

அப்பா முகம் வெளுத்துப்போனது. மேனேஜர் படத்தையே பார்த்தார். பிறகு இடுப்பு மடங்க இரண்டு தரம் குனிந்தார். இரண்டு தரம் கை தட்டிவிட்டு, கண்ணை மூடி வெகுநேரம் நின்றார்.

“நம்ம சண்டிகேசுவரருக்குத் தட்டற மாதிரியே தட்டறாரு பாருங்க!” என்று அம்மா பூரித்துப்போனாள். சிவன் கோயிலில், எதையும் எடுத்துப்போகவில்லை என்று வெறுங்கையைத் தட்டிக் காட்டுவோமே, அது.

மேனேஜர் ரசத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார். ஏதோ பேச வேண்டும் என்றீர்களே என்று அப்பா மெல்ல இழுத்தபோது, சாப்பாடு பிரமாதம் என்றார். என் தலையைத் தடவிவிட்டுப் போய்விட்டார். சாமி சொல்லிவிட்டது என்று அம்மாவும் நானும் மிச்சப் பாயசத்தை நரிகளுக்குப் படைத்தோம்.

மறுவாரம் ஃபோனில் சேதி வந்தது. அப்பா தம்மாம் போனார், நாங்கள் ஊர் வந்தோம். நான் நரிகளோடு டூ விட்டேன். அம்மா விடவில்லை. படம் கசங்காமல் பட்டுப்புடவைக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து, இங்கும் பொட்டு வைத்தாள். அவளை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பும் பாசமும் ஒன்றாக வருகிறது.

அந்தச் சேதியைச் சொல்லத்தான் மேனேஜர் அன்று வீட்டுக்கே வந்தார் என்பதை வெகுநாள் கழித்து அப்பா சொல்லித் தெரிந்துகொண்டேன். பொட்டு வைத்த நரிகளைப் பார்த்ததும் அவருக்கு வாய் வரவில்லை. தன் ஊர்ச் சாமி முன்னால் அந்த மனுஷனும் வெறுங்கையைத்தான் தட்டிக் காட்டியிருக்கிறார். எங்களுக்காக வேண்டுகிறார் என்று நான் பக்கத்தில் நின்று கூடவே தட்டிக்கொண்டிருந்தேன்.