நித்தியகல்யாணிக்குக் கழுநீர் ஊற்றியவர்

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, கடலோரக் குப்பத்துப் பள்ளியில் நான் ஆசிரியராக இருந்தபோது அங்கே சத்துணவு சமைத்தவர் அவர். நெடுநெடுவென்ற உயரம். புடவையை எப்போதும் இழுத்துச் செருகியிருப்பார். அரிசி கழுவிய தண்ணீரை வீணாக்காமல் வாசலிலிருந்த நித்தியகல்யாணிக்கு ஊற்றுவார்.

சுனாமியில் கடல்நீர் ஏறியதும் பள்ளித் தோட்டத்து ரோஜாவும் குரோட்டன்ஸும் கருகிப்போயின. நித்தியகல்யாணியின் காய்ந்த கிளைகளை மட்டும் அவர் ஒட்ட நறுக்கிவிட்டு, கழுநீர் ஊற்றிக்கொண்டே இருந்தார். கோடையில் அது துளிர்த்துப் பூத்தது.

ஒருநாள், அலையில் மகளைப் பறிகொடுத்த மீனவர் ஒருவர் பள்ளிக்கு வந்தார். பூவைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"சுடுகாட்டுப் பூவு இது. புள்ளைங்க இருக்கற எடத்துல எதுக்குக்கா? புடுங்கிப் போடு."

"உம் பொண்ணு தெனம் இதுல ஒண்ணு பறிச்சு காதுல சொருகிக்கும்பா. மனசு வந்தா நீயே புடுங்கு," என்றார் சமையலம்மா.

மீனவர் குனிந்து செடியைப் பிடித்தார். இழுக்காமல் பிடியை விட்டார். பிறகு ஒரே ஒரு பூவைக் கிள்ளி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பெண் என் வகுப்பில்தான் படித்தாள். அவள் காதில் நான் ஒருநாளும் பூவைப் பார்த்ததில்லை. சமையலம்மா சொன்னது நிஜமா என்று கேட்க எனக்குக் கடைசிவரை துணிவு வரவில்லை.