நார்மலக்காவின் மணிக்கட்டு

இதயத்துடிப்பைக் கவனிக்கும் பேண்டு செய்கிற கம்பெனி எங்களுடையது. நோயாளிகள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ள டாக்டர்களே எழுதிக்கொடுக்கும் பேண்டு. அங்கே பன்னிரண்டு வருடமாகப் பூதக்கண்ணாடிக்குக் கீழே தலைமுடி போன்ற கம்பிகளைப் பற்றவைத்து வருபவர் நார்மலக்கா.

இயந்திரச் சோதனை முடிந்ததும், ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சில பேண்டுகளை ஒரு மனிதக் கையில் கட்டிப் பார்ப்போம். அந்தக் கை அக்காவுடையது. ஆரம்பத்தில் எல்லாரையும் ஆஸ்பத்திரியில் பரிசோதித்தபோது மிக ஒழுங்காக, ‘நார்மலாக’த் துடித்தது அவர் இதயம்தானாம்; அந்தப் பட்டப்பெயரும் அப்படி ஒட்டியதுதான். அவர் கையில் பேண்டு தப்பாகக் காட்டினால், தப்பு பேண்டினுடையது.

அக்காவுக்கு அந்தச் சோதனை பிடிக்கும். அவருடைய அம்மா நாற்பத்தெட்டு வயதில், துணி காயப்போடும்போது கிளிப்பை வாயில் கவ்வியபடியே சரிந்து போனவர். அக்காவுக்கு இப்போது நாற்பத்தேழு.

“வேற எவளுக்கு வாரா வாரம் ஓசில ஹார்ட்டு பாக்குறாங்க?” என்பார்.

சோதனை மேசை என் பொறுப்பு. சேர்ந்து எட்டு மாதம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். போன இரண்டு வாரத்தில், அக்கா கையில் கட்டிய பதினொரு பேண்டுகள் இடையிடையே துடிப்பு நிற்பதாகக் காட்டின. பதினொன்றையும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கினேன். நான் படித்தது கருவிகளைப் பற்றித்தானே; எதிரில் உட்கார்ந்திருந்த ஆளைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவேயில்லை.

இன்று பன்னிரண்டாவதும் அப்படியே காட்டியது. அதைக் கழற்றி என் கையில் கட்டினேன். சீராக ஓடியது. ஒதுக்கி வைத்தவற்றையும் ஒவ்வொன்றாகக் கட்டினேன். எல்லாமே சீராக ஓடின.

சூப்பர்வைசரிடம் ஓடினேன்.

“அக்காவையா சந்தேகப்படுற? அவங்க நம்ம எடைக்கல்லுடா.”

“எடைக்கல்லே தேஞ்சிருந்தா, சார்?”

அவர் என் மேசைக்கு வந்து, அக்கா கையில் பேண்டு பதிந்ததைத் திரையில் பார்த்தார். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கு விநாடி. கார் சாவியை எடுத்தார்.

“அக்கா, ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ட்டு வரலாம்,” என்றேன்.

“ஏன் தம்பி, ஒடம்பு சரியில்லயா? மூஞ்சி வெளுத்திருக்கே.”

“உங்களுக்குத்தான்க்கா.”

சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டார். “ரெண்டு மூணு தடவ கண்ணு இருட்டிச்சு. நீ பேண்டுதான் கோளாறுன்னு சொன்னியா... நானும் விட்டுட்டேன்.”

காரில் அவர் மணிக்கட்டைப் பிடித்திருந்தேன். ஒவ்வொரு துடிப்பும் வருவதற்குள் என் உயிர் போய் வந்தது.

டாக்டர் நெஞ்சில் கம்பிகளை ஒட்டி ஈ.சி.ஜி. பார்த்துவிட்டு, எழுந்திருக்கவே கூடாது, இப்போதே பேஸ்மேக்கர் வைக்கவேண்டும் என்றார். அக்கா தானே கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணியது.

“தம்பி, அந்தப் பதினொண்ணும்?”

“எல்லாம் நல்ல பேண்டுக்கா. தப்பு என்னுது.”

“அப்ப என் வேல சுத்தந்தான்.” உதடு வறண்டிருந்தது. “பொண்ணுக்கு நீயே போன் போடு. என் குரலக் கேட்டா பயந்துருவா.”

அக்காவின் போனிலிருந்தே அழைத்தேன். “சொல்லும்மா,” என்றது ஒரு சின்னக் குரல்.

“அம்மா கூட வேலை செய்யிறவன் பேசுறேன். அம்மா முழிச்சுத்தான் இருக்காங்க. நீங்க உடனே ஆஸ்பத்திரிக்குக் கெளம்பி வாங்க.”

இரண்டு வாரமாக நான் பேண்டைக் குறைசொல்லிக்கொண்டிருந்ததை நேரில்தான் சொல்லவேண்டும். சொல்வேனா என்று எனக்கே தெரியவில்லை.

ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது. அக்கா என் சட்டைக் கையை விடவில்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவுவரை கூடவே நடந்தேன்.