எர்த் அப்பாதுரை

வெள்ளை கேட் பக்கம் கார் வயரிங் வேலை செய்துகொண்டிருந்த அப்பாதுரைக்கு 'எர்த் அப்பாதுரை' என்று பட்டம் வைத்தவன் நான்தான். அவன் கடையை ஒட்டினாற்போல் எனக்கு டயர் கடை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் என் கடையிலிருந்துதான் போயிருக்கிறது.

ஹாரன் அடிக்கவில்லை என்று வண்டியைக் கொண்டுவந்தாலும் சரி, லைட் மங்கலாக எரிகிறது என்றாலும் சரி, அவன் முதலில் பானெட்டைத் திறந்து எர்த்தைத்தான் பார்ப்பான். எஞ்சின் ரப்பர் கட்டைமேல் உட்கார்ந்திருப்பதால், அதையும் வண்டியின் உடம்பையும் சேர்க்க ஒரு பின்னிய செம்புப் பட்டை உண்டு. பேட்டரியிலிருந்து கிளம்பிய கரண்ட் திரும்பிப் போகிற வழி அது. அதைக் கழற்றுவான். அடியில் இருக்கிற பெயின்ட்டைச் சுரண்டுவான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முடுக்கி, இழுத்துப் பார்ப்பான். கிளம்பிவிட்ட வண்டியைக் கை காட்டி நிறுத்தி, இன்னொரு தடவை பார்ப்பதும் உண்டு.

இன்னொரு கிறுக்கும் இருந்தது. ஆயுத பூஜைக்குக் கடைத் தெருவே கழுவிக் கோலம் போட்டு, ஸ்பேனர், சுத்தியல் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்துப் பூஜையில் வைக்கும். மறுநாள் பூஜை முடிந்து எடுக்கிற வரைக்கும் எந்த ஆயுதத்தையும் ஒருத்தனும் தொட மாட்டான். இவன் மட்டும் தன் சாமான் ஒன்றைக்கூடப் பூஜையில் வைக்க மாட்டான்.

"என்னாபா, கறுப்புச் சட்டை தைக்கக் குடுத்துட்டியா?" என்று வருஷா வருஷம் கேலி செய்வேன். முசரவாக்கத்தில் அவர்கள் குடும்பம் நாள் பார்க்காமல் ஏர் பூட்டாத குடும்பம். அதில் பிறந்தவனுக்கு இந்தப் புத்தி எப்படி வந்தது என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

எழுபத்து மூன்றில் ஒருநாள் காலை, டீ குடிக்கும்போது சும்மா ஒரு சேதி சொன்னேன். டாக்ஸி ஓட்டிக்கொண்டிருந்த வீரபாகுவைப் பிள்ளையார்பாளையத்தில் பார்த்தேன் என்றேன். வாலாஜாபாத் ரோட்டில் ஒரு பெண்ணை மோதிக் கொன்றுவிட்டு, ஒன்பது மாதம் ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன். லைசென்ஸும் போய்விட்டது. பட்டு நெய்கிற குடும்பம் என்பதால் அண்ணன் கலியாணசுந்தரத்தின் தறிக்கே திரும்பிவிட்டான்.

"தறியில எங்க உக்காந்துக்கினு இருக்கான் தெரியுமா? கரையச் சேலையோட சேக்கற கோர்வைக்குச் சின்னப் பசங்க நாடா தள்ளுவாங்களே, அந்த எடத்துல. மீசை வச்ச ஆளு! தறிக்குழியில எறங்கி கட்டைய மிதிக்க மாட்டானாம். வலது காலு தன் பேச்சக் கேக்காதாம். வண்டியில அன்னைக்குத் தானா மிதிச்ச காலாம் அது."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அப்பாதுரை டீயைப் பாதியிலேயே கீழே வைத்தான்.

"அது அவன் காலு இல்ல, அர்ஜுனா" என்றான். "நான்."

பிறகு சொன்னான்.

அறுபத்தாறாம் வருஷம். வீரபாகுவின் டாக்ஸிக்கு எஞ்சின் இறக்கி ஏற்றி, ட்யூனிங் பார்த்து, பூஜைக்காக எஞ்சினுக்கு வெள்ளி பெயின்ட் அடித்திருக்கிறான். பெயின்ட் காயட்டும் என்று எர்த் பட்டையை மட்டும் மாட்டாமல் விட்டான். அதற்குள் பூஜை நேரம் வந்துவிட்டது. ஸ்பேனர்கள் சாமி முன்னால் போய்விட்டன. சூடம் காட்டியாகிவிட்டது. அன்று மூன்று மணிக்கு வீரபாகு ஓடிவந்தான். வாலாஜாபாத்தில் அவசரமாக ஒரு குடும்பத்தை ஏற்ற வேண்டும், வண்டி வேண்டும் என்றான்.

"ஒரே ஒரு போல்ட்டுபா. ஸ்பேனர் எட்டடி தூரத்துல கும்பிட்டு வச்சது இருக்குது. எடுக்க மனசு வரல. எடுத்தா ஆத்தாவுக்குக் கோவம் வரும்னு பயம். செல்ஃப் போட்டுப் பாருன்னேன். வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சு. சரி, நாளைக்கு மாட்டிக்கலாம்னு அனுப்பிட்டேன்."

"எர்த் இல்லாம எப்படிபா ஸ்டார்ட் ஆவும்?"

"கரண்டுக்கு வழி வேணும். பட்டை இல்லன்னா ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியா திரும்பிப் போவும். பேட்டரியில இருந்து வர்ற அம்மாம் கரண்டும் அந்தச் சின்னக் கம்பியில. ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆவல. அவன் அங்க நாலஞ்சு எடத்துல நிறுத்தி நிறுத்தி ஸ்டார்ட் பண்ணியிருக்கான். கம்பி பழுத்து உறையோட ஒட்டிக்கிச்சு. காலை எடுத்தாலும் வண்டி இழுத்துக்கினு போயிருக்குது."

பொழுது சாய்கிற நேரம். புல்லுக்கட்டோடு ரோட்டைக் கடந்துகொண்டிருந்த கமலவேணி என்ற பெண். பதினெட்டு வயது. வீரபாகு பிரேக்கைப் போட்டு, சாவியைத் திருப்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வண்டியில் பேய் ஏறிவிட்டது என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். காலை எடுத்தும் வண்டி நிற்கவில்லை என்று வீரபாகு அழுததற்கு நாங்கள் கொடுத்த அர்த்தம் அதுதான். போலீஸ் கொடுத்த அர்த்தம் வேறு. குடித்திருப்பான் என்றார்கள்.

"அத்தோட விட்டனா?" என்றான் அப்பாதுரை. "பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பாக்கறதுக்கு முன்னாடி, வண்டிய ஓடற நெலமைக்குக் கொண்டுவான்னு போலீசுல என்னையே கூப்புட்டாங்க. போனேன். கேபிள் கருகிக் கெடந்துது. புதுசு மாட்டுனேன். பட்டையையும் மாட்டுனேன். மறுநாள் அவரு ஓட்டிப் பாத்துட்டு, வண்டியில எந்தக் கோளாறும் இல்லன்னு எழுதிக் குடுத்துட்டாரு. வண்டி மேல தப்பு இல்லன்னதும் அவன் தன் காலு மேலயே பழியப் போட்டுக்கினான்."

அவன் அழவில்லை. எனக்குத்தான் ஆத்திரமாக வந்தது. "இத்தினி வருசமா எப்படிடா சோறு எறங்கிச்சு உனக்கு?" என்று கத்தினேன். கத்தின பிறகு வெட்கமாக இருந்தது. அந்தப் பேய்க் கதையை எத்தனை பேருக்கு, எவ்வளவு ருசியாகச் சொல்லியிருப்பேன்.

"அவன்கிட்ட சொல்லணும்" என்றான். "சொன்னா கடைய மூடிட வேண்டியதுதான். எவன் வண்டி குடுப்பான்? ஆனா அவன் காலு அவனுக்கு வேணும் இல்ல? கூட வர்றியா?"

அப்போதே கிளம்பினோம். கலியாணசுந்தரம் தறிக்குழியில் இருந்தார். எதிர்ப் பக்கத்தில் முழங்காலை மடக்கி, சின்னப் பிள்ளை உட்காருகிற பலகையில் வீரபாகு உட்கார்ந்திருந்தான். அப்பாதுரை வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னான். போல்ட்டை, பூஜையை, கேபிளை மாற்றியதை, எதையும் விடவில்லை. தறி எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

கலியாணசுந்தரம் குழியிலிருந்து எழுந்து அடிக்க வந்தார். "விடுண்ணா" என்று வீரபாகு தடுத்தான். அவன் குரல் உயரவே இல்லை.

"நான் கோர்ட்டுல நின்னப்போ உனக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

"ஜெயிலுக்கு இட்டுக்கினு போனப்போ?"

"தெரியும்."

வீரபாகு குனிந்து தன் வலது காலைப் பார்த்தான். அதைத் தடவினான், அடிபட்ட ஆட்டுக்குட்டியைத் தடவுகிற மாதிரி.

"தெனம் வரும்பா அந்தப் பொண்ணு" என்றான். "தறியாண்ட வந்து நிக்கும். தலையில புல்லுக்கட்டு. ஏன் மிதிச்சேன்னு கேக்கும். எனக்குச் சொல்லத் தெரியாது. ஏழு வருசமா கேட்டுக்கினே இருக்குது. இன்னைக்கு வந்தா, உன் கடை எங்க இருக்குதுன்னு சொல்லி அனுப்புறேன். அதுக்கு நீ பதில் சொல்லு. கெளம்பு."

நாங்கள் தெருமுனை வரைக்கும் வந்திருப்போம். பின்னால் தறி ஓடத் தொடங்கியது. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு இழுப்பு. பழக்கம் விட்டுப்போன ஒருவன் மிதிக்கிற சத்தம். அப்பாதுரை அது ஒரு சீராக வருகிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் நடந்தான்.

போலீசுக்கும் போனான். முடிந்துபோன கேஸைக் கிளறாதே என்று விரட்டிவிட்டார்கள். கமலவேணியின் வீட்டைத் தேடி வாலாஜாபாத் போனான். பெற்றவர்கள் ஊரை விட்டே போய்விட்டார்களாம். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. நடந்ததை வாடிக்கைக்காரர்களிடம் அவனே சொன்னான். பாதிப் பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவன் ரோட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருப்பான். புல்லுக்கட்டோடு யாராவது போனால் எழுந்து நின்றுவிடுவான். அவர்கள் கடந்து போனதும் உட்காருவான். ஒருவரையும் விடாமல் கேலி செய்கிற நான் அதற்கு மட்டும் சிரித்ததில்லை.

இரண்டு மாதம் பொறுத்து ஒரு நாள் மெதுவாகக் கேட்டேன்.

"வந்துச்சாபா?"

"இல்ல அர்ஜுனா" என்றான். "அவன்கிட்டயும் போறதில்லையாம். என்கிட்டயும் வர மாட்டேங்குது. வந்து கேட்டுச்சின்னா சொல்லிடுவேன். அது கேக்கவே மாட்டேங்குதுபா."