டைம்கீப்பர் இத்ரூஸின் அரை மணித்தியாலம்

மாத்தளை தனியார் பஸ் நிலையத்தில் இருபத்தைந்து வருடங்கள் டைம்கீப்பராக இருந்தவர் என் கணவர் இத்ரூஸ். எந்த பஸ் எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று கொப்பியில் குறித்து, விசில் ஊதி அனுப்புவதுதான் வேலை. "இன்னும் ரெண்டு பேர் ஓடி வாராங்க நானா" என்று டிரைவர் கெஞ்சினால், "அவங்க அடுத்த பஸ்ஸில வரட்டும், நீ எடு" என்பார். யட்டவத்தை பஸ் புறப்படும் விசிலைக் கேட்டுக் கடைக்காரர்கள் தங்கள் மணிக்கூட்டைத் திருத்திக்கொள்வார்கள். அவர் மௌத்தாகி, கண்ணை மூடிச் சில வருடங்கள் ஆகின்றன. இப்போதும் அந்தப் பக்கம் போகும்போது விசில் கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன்.

அவரைப் பற்றிச் சொல்வதென்றால் என் வாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "மஸூதா, நெல்லைக் கொட்டினா அள்ளலாம், சொல்லைக் கொட்டினா அள்ள ஏலா" என்று உம்மா சொல்லிச் சொல்லியே ஓய்ந்துபோனார். எங்கள் நிக்காஹ் நடந்தது எண்பத்தொன்பதில், ஊரடங்குச் சட்டத்துக்கு நடுவில். ஆறு மணிக்கு ஊரடங்கு என்றால், மாப்பிள்ளை ஐந்து மணிக்கே விருந்தாளிகளை எழுப்பி வீட்டுக்கு விரட்டிவிட்டார். விசில் மட்டும்தான் ஊதவில்லை. அன்றைக்கே அவரோடு முதல் சண்டை பிடித்தேன்.

உக்குவளையில் குடியேறினோம். வருடங்கள் போயின. பிள்ளை இல்லை. நேர்ச்சை வைத்தோம், ஓதிப் பார்த்தோம், நாட்டு மருந்து குடித்தோம். ஊருக்கு இதில் ஒரு சந்தேகமும் இல்லை: குறை என்னில்தான். ஒரு பெருநாள் சாப்பாட்டில் அவருடைய மூத்த சகோதரி பீபி ராத்தா, எல்லோரும் இருக்கும்போதே கேட்டார்.

"காய்க்காத மரத்துக்கு எத்தினை நாளைக்குத் தண்ணி ஊத்தப் போற தம்பி?"

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் சாப்பாட்டை விட்டுக் கையைக் கழுவிவிட்டார்.

"ராத்தா, மரத்தில ஒரு கொறையும் இல்ல. கொற விதையிலதான். கண்டி டொக்டர் தந்த ரிப்போட் சட்டப் பையில ஈக்கிது. வாசிக்கவா?"

பீபி மதினியின் கையில் இருந்த சோறு அப்படியே நின்றது. எந்த ஆம்பிளை இப்படிச் சொல்வான்? எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் ஒருவரும் சொன்னதில்லை. அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த பிரியத்தை நான் ஒரு நாளும் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

அந்தக் கண்டி டொக்டர்தான் கொழும்புக்கு அனுப்பினார். கருவை வெளியே கண்ணாடிக் கிண்ணத்தில் உண்டாக்கி உள்ளே வைப்பார்களாம். இவர் முதலில் மௌலவியிடம் போய்க் கேட்டார். புருஷன், பெஞ்சாதி இருவருடையதும்தான் என்றால் தடையில்லை என்றார் மௌலவி. என் வாப்பா தந்த கராம்புக் காணி விலைப்பட்டது. அது ஒரு தடவைக்குத்தான் போதும். எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. இந்தத் தடவை தவறினால் பிள்ளை என்ற பேச்சையே விட்டுவிட வேண்டும் என்று இருவருக்கும் தெரியும்.

இரண்டாயிரத்தாறு மார்ச் கடைசியில் தொடங்கினோம். நாளுக்கு ஒரு ஊசி, அதுவும் வயிற்றில். ஊசிக்காகத் தினம் கொழும்புக்குப் போக முடியுமா? கிளினிக்கில் இருந்த நர்ஸ் மிஸ், தோடம்பழத்தில், அதாவது ஆரஞ்சில், குத்திப் பழகச் சொல்லி இவருக்குக் காட்டிக் கொடுத்தார். இவர் ஒரு கிலோ தோடம்பழம் வாங்கி வந்து எல்லாவற்றிலும் தண்ணீர் ஏற்றினார். அவற்றை வெட்டிச் சாப்பிட்டது நான்தான், ஒன்றிலும் ருசி இல்லை. முதல் நாள் என் வயிற்றில் குத்தும்போது "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்க! எங்க குத்துறண்டு பாத்துக் குத்துங்க!"

வீட்டில் பிரிட்ஜ் இல்லை. பக்கத்து வீட்டுச் சந்திரகாந்தா அக்கா தன்னுடைய பிரிட்ஜில், தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் மருந்துக்கு இடம் ஒதுக்கித் தந்தார். "இந்தத் தட்டுல யாரும் கைய வச்சீங்க, தொலைச்சுப்புடுவேன்" என்று தன் வீட்டாரை எச்சரித்துவிட்டார்.

நாலைந்து நாளுக்கு ஒரு தடவை ஸ்கேனுக்குக் கொழும்பு போக வேண்டும். நாடு மறுபடியும் கெட்டுக்கொண்டிருந்த காலம். திரும்பி வரும்போது சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். இவர் மடியில் ஐஸ் நிறைத்த ரெஜிபோம் என்கிற தெர்மோகோல் பெட்டி. உள்ளே மருந்துக் குப்பிகளும் ஊசிகளும். ஒரு சிப்பாய் மூடியைத் திறந்து, இது என்ன என்று அதட்டினான். இவர் பஸ்ஸே கேட்கும்படி சிங்களத்தில் சொன்னார்: "ளமயெக் ஹதன்ன பெஹெத், மஹத்தயா." பிள்ளை உண்டாக்க மருந்து ஐயா. வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கத்தில் உயிர் போயிற்று. அந்தச் சிப்பாய் மட்டும் சிரிக்கவில்லை. ஐஸ் கரைந்துவிடும் என்று தானே மூடியை அழுத்தி மூடி, பெட்டியை இவர் கையில் கொடுத்தான்.

இப்போது மணிக்கூட்டுக் கதைக்கு வருகிறேன். தொண்ணூற்றாறில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை முன்னுக்குத் தள்ளியது. முதலில் ஒரு மணித்தியாலம், பிறகு அதைக் குறைத்து அரை மணித்தியாலம் ஆக்கினார்கள். இவர் கைக்கடிகாரம் புது நேரத்துக்கு மாறியது, பஸ் நிலையமும் மாறியது. எங்கள் அறைச் சுவரில் தொங்கிய கலியாணப் பரிசு மணிக்கூட்டை மட்டும் தொட விடவில்லை. "அரசாங்கம் சொல்லிச்சிண்டு சூரியன் முந்தியா உதிக்கிது?" என்பார். பத்து வருடங்கள் அந்த மணிக்கூட்டைப் பார்ப்பதும், மனதுக்குள் அரை மணித்தியாலத்தைக் கூட்டுவதும் எங்கள் வீட்டுப் பழக்கமாகிவிட்டது.

அந்தச் சித்திரைப் புத்தாண்டோடு அரசாங்கம் பழைய நேரத்துக்கே திரும்பியது. இவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும்!

"பாத்தியா புள்ள? பத்து வருஷத்துக்குப் பொறகு அரசாங்கம் என்ட மணிக்கூட்டுக்கு வந்து சேந்திட்டு!"

அதற்கு மறுநாள் இரவு எனக்குக் கடைசி ஊசி. முட்டைகளை முதிரச் செய்யும் ஊசி. சரியாக ஒன்பது மணிக்குப் போட வேண்டும், அதிலிருந்து முப்பத்தாறு மணித்தியாலத்தில் முட்டைகளை எடுப்பார்கள். "முந்தவும் வேணாம், பிந்தவும் வேணாம்" என்று அந்த மிஸ் எழுதித் தந்து கீழே கோடும் இழுத்திருந்தார். "மிஸ், நான் டைம்கீப்பர்" என்று இவர் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்வதற்காகக் கைக்கடிகாரத்தைக் கழற்றி வைத்தார். வந்து சுவரைப் பார்த்தார். எட்டரை. பத்து வருடப் பழக்கம் விடுமா? அரை மணித்தியாலத்தைக் கூட்டினார். ஒன்பது. "நேரம் சரி, படு" என்று போட்டுவிட்டார். நானும்தான் அந்த மணிக்கூட்டைப் பார்த்தேன், எனக்கும் ஒன்பது என்றுதான் பட்டது. பிறகு கைக்கடிகாரத்தைக் கட்டியவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"மஸூதா, எட்டு முப்பத்தஞ்சு."

அன்றிரவும் மறுநாள் ஞாயிற்றுக்கிழமையும் கிளினிக்குக்கு எத்தனை தடவை போன் எடுத்தும் யாரும் எடுக்கவில்லை. முட்டை முந்தி வெடித்துப் போய்விடுமோ என்று இருவரும் பயந்து செத்தோம். யானைக்கும் அடி சறுக்கும்தான், ஆனால் அன்றைக்கா சறுக்க வேண்டும்?

திங்கட்கிழமை காலை கிளினிக்கில் என்னை உள்ளே கூட்டிப் போகும்போது, "சொல்லிடு புள்ள, மறைக்காம டொக்டர்கிட்ட சொல்லிடு" என்று கதவு மூடும்வரை இவர் சொல்லிக்கொண்டே நின்றார். சொன்னேன். டொக்டர் சிரித்தார். அரை மணித்தியாலத்தால் ஒன்றும் ஆகாது, பயப்படாதீர்கள் என்றார். பிறகு மயக்க மருந்து. கண் விழித்தபோது ஒன்பது முட்டைகள் கிடைத்ததாகச் சொன்னார்கள்.

வெளியே வந்ததும் இவர் ஓடி வந்தார். "என்ன சொன்னாரு? அரை மணித்தியாலத்துக்கு என்ன சொன்னாரு?"

எனக்கு வயிறு வலித்தது, தலை சுற்றியது, கோபமும் இருந்தது. கொஞ்சம் துடிக்கட்டுமே என்று நினைத்தேன். "ஒண்டும் சொல்லல்ல" என்றேன். வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் எண்ணம். அல்லாஹ் அறிய, அவ்வளவுதான்.

ஒன்பதில் ஐந்து கருவானது. மூன்றாம் நாள் இரண்டை உள்ளே வைத்தார்கள். அதற்கு மயக்கம் இல்லை. சிறுநீர்ப் பை நிரம்பத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்க வேண்டும், அந்த அவஸ்தைதான் பெரிது. திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி மினுங்கியது. மிச்சம் மூன்றும் எடுத்து வைக்கிற தரத்தில் இல்லை என்றார்கள். வாடகை வேனில் திரும்பி வரும்போது இவர் என் வயிற்றைப் பார்த்து, "ரெண்டு பேரும் ஏறிட்டாங்க. இனி எறங்காம வந்தாச் சரி" என்றார்.

ரத்தம் சோதிக்கும்வரை பதினான்கு நாட்கள். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் நெஞ்சு இனிக்கிறது. நான் இருமவும் பயந்தேன். இவர் வேலை முடிந்து வந்து கோழிச் சூப் வைத்துத் தருவார், வயிற்றுக்குப் பக்கத்தில் குனிந்து அன்றைய பஸ் விஷயங்களைச் சொல்வார். "இன்டைக்கு உக்குவளை பஸ் நாலு நிமிஷம் லேட். டிரைவருக்கு நல்லாக் குடுத்தேன். நீங்க ரெண்டு பேரும் லேட்டாகாம வாங்க." கொழும்பில் குண்டு வெடித்த அன்றும் ஓடி வந்தார், றேடியோவை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். வயிற்றில் இருக்கிறவர்களுக்கு அந்தச் சத்தம் கேட்கக் கூடாதாம். அந்தப் பதினான்கு நாட்கள் நான் ஒரு தாயாக இருந்தேன். அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது.

மாத்தளையில்தான் ரத்தம் கொடுத்தோம். பின்னேரம் கடிதத்தைத் தந்தார்கள். இல்லை என்று வந்திருந்தது.

பஸ் நிலையம் வரை நடந்தோம். அங்கே அவருடைய சின்ன மேசையையும், கொப்பியையும், நேரப் பலகையையும் பார்த்ததும் எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது.

"ஊருக்கெல்லாம் நேரம் பாக்குற ஆளு! என்ட புள்ளைக்கு மட்டும் ஒங்களுக்கு நேரம் பாக்கத் தெரியல்ல! ஒங்கட அரை மணித்தியாலம்தான் எல்லாத்தையும் திண்டிச்சி!"

டிரைவர்கள், கொண்டக்டர்கள், கச்சான் கடலை விற்கிற பெண், எல்லோரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். இவர் என்னை பஸ்ஸில் ஏற்றி ஜன்னல் சீட்டில் உட்கார வைத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நேரம் வந்ததும் விசில் ஊதி பஸ்ஸை அனுப்பிவிட்டு ஓடி வந்து ஏறிக்கொண்டார்.

அதன் பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வழியில்லாமல் போயிற்று. எப்படிச் சொல்வது? வேண்டுமென்று மறைத்தேன், மறைத்துவிட்டுச் சபையில் ஏசினேன் என்றா? கோபம் முழுவதையும் அவர்மேல் கொட்டுவேன், கொட்டிவிட்டு முசல்லாவை விரித்துத் தொழுது அழுவேன். சோறு பிந்தினாலும் அரை மணித்தியாலம், மழை பெய்தாலும் அரை மணித்தியாலம். அவர் அந்த மணிக்கூட்டைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

எங்கள் வீட்டில் நோன்புப் பெருநாள் காலையில், தொழுகைக்குப் புறப்படுமுன் ஒருவரிடம் ஒருவர் பொருத்தம் கேட்போம். தெரிந்தும் தெரியாமலும் செய்ததை மன்னிக்கச் சொல்லிக் கேட்பது. அந்த வருடம் அவர் என் கையைப் பிடித்து, "எல்லாத்தையும் பொருந்திக்கோ புள்ள. அந்த அரை மணித்தியாலத்தையும் பொருந்திக்கோ" என்றார். "பொருந்திக்கிட்டேன்" என்றேன். மறு வருடமும் கேட்டார். அதற்கு அடுத்த வருடமும் கேட்டார். மூன்று தடவையும் ராணி மாதிரி மன்னித்தேன்.

நாட்டில் யுத்தம் ஓய்ந்த இரண்டாயிரத்தொன்பதின் பெருநாள். சட்டைக்கு அத்தர் பூசிக்கொண்டு என் கையைப் பிடிக்க வந்தார். தாடியில் முக்கால்வாசி நரை. என்னால் முடியவில்லை.

"நீங்க கேக்க வேணாம். நான்தான் கேக்கணும்" என்று தொடங்கி எல்லாவற்றையும் கொட்டினேன். டொக்டர் சிரித்ததை, ஒன்றும் ஆகாது என்று அவர் சொன்னதை, நான் மறைத்ததை. தலையை நிமிர்த்தவே இல்லை.

"எனக்குத் தெரியும் புள்ள" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்டைக்கே தெரியும். நீ உள்ளுக்கு மயக்கத்தில கெடக்கக்குள்ள அந்த மிஸ்கிட்டக் கேட்டேன். அதெல்லாம் ஒரு கணக்கும் இல்ல, போய் டீ குடிச்சிட்டு வாங்கண்டு சொன்னா. குடிச்சிட்டும் வந்தேன். டொக்டரு என்ன சொன்னாருண்டும் கேக்கணும்போல ஈந்திச்சி, அதான் ஒன்கிட்டயும் ஓடி வந்து கேட்டேன்."

எனக்கு அழுகையோடு கோபமும் வந்தது. "அப்ப மூணு வருஷமா என்னத்துக்கு என்கிட்டப் பொருத்தம் கேட்டீங்க? ஒங்களுக்குப் பிஸ்ஸா, பைத்தியமா?"

அவர் தொப்பியைக் கழற்றி, தடவி, மறுபடி போட்டுக்கொண்டார்.

"அன்டைக்கு பஸ் ஸ்டாண்டுல ஒன்ட மொகத்தப் பாத்தேன். ஏசுறதுக்கு நான் இல்லாட்டி, நீ அல்லாஹ்வ ஏசிடுவ புள்ள. அதுக்கு என்னைய ஏசட்டுமேண்டு விட்டுட்டேன்."

அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு நான் அழுதேன். பள்ளியில் தக்பீர் முழங்குவது கேட்டது. "போங்க, நேரமாகிட்டு" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்குப் பெருநாள் தொழுகைக்கு டைம்கீப்பர் இத்ரூஸ் பிந்தித்தான் போனார்.